97.25-ஆவது வினாடியில் எத்தனையாவது தட்டு?

வானம் பார்த்த பூமியில் மாசி, பங்குனி வந்தால் காட்டு வேலை குறையும், கோயில் வேலை கூடும். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி என்று ஊருக்கு ஊர் பொங்கல் சாட்டுவார்கள். சாட்டிய கையோடு மேளத்துக்கு அச்சாரம் போகும். நையாண்டி மேளம் என்றால் நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு. கம்பளத்தார் சமூகத்தின் ஊர் என்றால் அவர்கள் ஆடும் தேவராட்டம். அதற்கு உறுமி வகையைச் சேர்ந்த தேவதுந்துபி. மேளம் சூடேறும் நேரத்தில் எதிரே செல்போன்கள் வரிசையாக உயர்ந்து நிற்கும். அப்படிப் பிடித்த ஒரு பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதோடு ஒரு கீபோர்டையும் பாஸையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று உட்காரும் இளைஞருக்கு, முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு கணக்கு குறுக்கே வந்து நிற்கும்.

மென்பொருளின் மேல்பட்டையில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று 1:37.250 என்று காட்டுகிறது, மற்றொன்று 27.6.912 என்கிறது. இரண்டும் ஒரே கணத்தைத்தான் சொல்கின்றன. முதலாவது கடிகாரக் கணக்கு, இரண்டாவது தாளக் கணக்கு.

வினாடிக்கு 48,000 முறை காற்றழுத்தத்தை அளந்து வரிசையாக எழுதிவைத்ததுதான் அந்தப் பதிவின் கோப்பு. அதற்குத் தாளம் தெரியாது. சுற்றின் முதல் தட்டான சமம் எங்கே, எந்தத் தட்டில் ஆட்டக்காரர் கால் மாற்றினார் என்பதெல்லாம் அதில் எங்கும் எழுதப்படவில்லை. 46,68,000-ஆவது எண் என்ன என்று கேட்டால் சொல்லும். அதற்கு மேல் அதனிடம் எதுவும் இல்லை.

காலத்தை இதற்கு நேர் எதிர் வழியில் பிடித்துவைத்த புத்தகம் ஒன்று இந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாகத் தெற்கே போனால் எட்டயபுரம். அந்தச் சமஸ்தானத்து வித்வான் சுப்பராம தீட்சிதர் 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் அதில் தாளக் குறிகளோடு சுரப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஒரு சுரம் தாளச் சுற்றான ஆவர்த்தனத்தின் எந்த அட்சரத்தில், அதாவது எந்தத் தாள அலகில், விழ வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லிவிடும். அந்த அட்சரம் எத்தனை வினாடி நீளம் என்று கேட்டால் பதில் கிடையாது. விளம்பத்தில் பாடினாலும் மத்திமத்தில் பாடினாலும் சுரம் தன் அட்சரத்தை விட்டு நகராது. ஏறத்தாழ அதே சமயத்தில், 1902-ல், இந்தியாவில் கிராமபோன் பதிவும் தொடங்கியிருந்தது. இசைத்தட்டில் வினாடி இருக்கிறது, அட்சரம் இல்லை. தீட்சிதரின் புத்தகத்தில் அட்சரம் இருக்கிறது, வினாடி இல்லை. இசை மென்பொருள் இரண்டையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு, கணத்துக்குக் கணம் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறது. மாற்றுவதற்கு அதன் கையில் இருப்பது டெம்போ ஒன்றுதான்: நிமிடத்துக்கு எத்தனை தட்டு.

சுலபமான கணக்கை முதலில் முடித்துவிடலாம். நிமிடத்துக்கு 132 தட்டு, வேகம் மாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 46,68,000-ஐ 48,000-ஆல் வகுத்தால் 97.25 வினாடி. நிமிடத்துக்கு 132 என்றால் வினாடிக்கு 2.2 தட்டு. இரண்டையும் பெருக்கினால் 213.95. அதாவது 213 தட்டு முடிந்து, அடுத்த தட்டில் நூற்றுக்கு 95 பங்கு கடந்தாயிற்று. எட்டுத் தட்டு ஒரு சுற்று என்றால் 213-ல் 26 சுற்று அடங்கும், மீதி 5.

வயது கேட்டால் ‘26 முடிந்து 27 நடக்கிறது’ என்று சொல்வோமே, அதே கணக்குதான் இங்கும். 26 சுற்று முடிந்ததால் நடப்பது 27-ஆவது சுற்று. ஐந்து தட்டு முடிந்ததால் நடப்பது ஆறாவது தட்டு. மிச்சமிருக்கும் 0.95-ஐ மென்பொருள் ‘டிக்’ என்ற நுண்ணலகில் சொல்லும். தட்டுக்கு 960 டிக் என்றால் 912. இப்படித்தான் 27.6.912 வந்தது. திருப்பிப் போக வேண்டுமானால் முதலில் ஒன்றைக் கழிக்க வேண்டும்: 26-ஐ 8-ஆல் பெருக்கி, 5-ஐக் கூட்டி, 912-ஐ 960-ஆல் வகுத்துச் சேர்த்தால் மறுபடி 213.95.

கழிக்க வேண்டிய அந்த ஒன்றுதான் நிரல் எழுதுகிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. பாட்டுக்காரர் ஒன்று என்று எண்ணத் தொடங்குகிறார். கம்ப்யூட்டர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. சுற்றுக்கும் தட்டுக்கும் ஒன்று, டிக்குக்குப் பூஜ்ஜியம் என்பது பொதுவான ஏற்பாடு. புரோ டூல்ஸ் தொடக்கத்தை 1, 1, 000 என்று காட்டும். லாஜிக் மென்பொருளோ நான்கு இடத்திலும் ஒன்று போட்டு 1 1 1 1 என்று காட்டும். அங்கே டிக்கும் ஒன்றிலிருந்துதான். ஒன்றில் குறித்துக்கொண்ட இடத்தை மற்றொன்றில் அப்படியே தட்டச்சு செய்கிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல், பதிவின் பூஜ்ஜியமும் தாளத்தின் பூஜ்ஜியமும் ஒன்றல்ல என்பது. செல்போனில் பொத்தானை அழுத்திய பிறகு பன்னிரண்டு வினாடி கழித்துத்தான் முதல் சமம் விழுகிறது என்றால், அந்தப் பன்னிரண்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பவை எதிர்மறைத் தட்டுகள். பல நிரல்மொழிகளில் –3-ஐ 8-ஆல் முழு எண்ணாக வகுத்தால் –1 என்று வராமல் 0 என்று வரும். அதை அப்படியே நம்பினால் சமத்துக்கு முன்னாலும் முதல் சுற்று, பின்னாலும் முதல் சுற்று என்று இரண்டு முதல் சுற்றுகள் வந்து நிற்கும்.

மென்பொருளைத் திறந்ததும் அது 4/4 என்று, அதாவது நான்கு தட்டுக்கு ஒரு சுற்று (பார்) என்று இருக்கும். அப்படியே விட்டால் நம் 27.6.912 அங்கே 54.2.912 ஆகிவிடும். தப்பில்லை, ஆனால் சமம் ஒன்றுவிட்டு ஒரு பாரில் விழும். ஆதி தாளத்தில் பாடிப் பழகியவருக்கு எரிச்சலாக இருக்கும். 8/4 என்று மாற்றிக்கொள்வது ஒரு நிமிட வேலை.

இதுவரை எண்கள் சொன்னபடி கேட்டன. நடை மாறினால் கேட்காது.

தட்டை எத்தனை டிக்காகப் பிரிப்பது என்பது யாரோ ஒருவர் எங்கோ எடுத்த முடிவு. 1983-ல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று கொண்டுவந்த மிடி ஒப்பந்தத்தில், மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுவதற்குத் தட்டுக்கு 24 துடிப்பு என்று வைத்தார்கள். 24 நல்ல எண். இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஆறாகவும் எட்டாகவும் மீதியில்லாமல் பிரியும். ஒரு தட்டை எத்தனை அடியாகப் பிரிக்கிறோம் என்பதே நடை. நம்மிடம் இருப்பது ஐந்து நடை: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. கண்டத்துக்கே 24 போதாது, 4.8 வருகிறது. எஃப்எல் ஸ்டூடியோவில் நாம் எதையும் மாற்றாவிட்டால் தட்டுக்கு 96 டிக். அதிலும் கண்டம் அடங்காது. 480-ல் கண்டம் சரியாக 96 டிக்காக அமர்ந்துவிடுகிறது. மிஸ்ரத்துக்கு 68.571, சங்கீர்ணத்துக்கு 53.333. சரி, 960-க்குப் போனால்? அது 480-இன் இரட்டை. இரட்டித்ததில் இன்னொரு 2 கூடியதே தவிர, 7 வந்து சேரவில்லை. இரண்டாவது 3-உம் வரவில்லை. எத்தனை முறை இரட்டித்தாலும் வராது.

இதன் விளைவைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 480 டிக் உள்ள தட்டில் மிஸ்ர நடையில் ஏழு அடி வைக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் 68.571, முழு எண்ணாக்கி 69 என்று வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் ஏழாவதன் முடிவில் 483 வருகிறது. தட்டுக்கு 3 டிக் அதிகம். எட்டுத் தட்டுச் சுற்று முடியும்போது 24 டிக். நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் இது 50 மில்லி வினாடி. இரண்டு சொடுக்கொலிகள் இரண்டாகக் கேட்க ஏறத்தாழ 2 மில்லி வினாடி இடைவெளி போதும் என்றும், எது முந்தியது என்று சொல்ல 20 மில்லி வினாடி அளவில் வேண்டும் என்றும் ஐரா ஹிர்ஷ் 1959-ல் சோதித்துச் சொன்னார். 50 என்பது எந்தத் தவில்காரர் காதிலும் விழும். இது முதல் சுற்றின் பிசகு மட்டுமே. பத்தாவது சுற்றில் அரை வினாடி.

நல்ல மென்பொருள் இப்படிக் கூட்டாது. ஒவ்வோர் அடியையும் தட்டின் தொடக்கத்திலிருந்தே கணக்கிட்டு, கடைசியில்தான் முழு எண்ணாக்கும்: 69, 137, 206, 274, 343, 411, 480. இடைவெளிகள் 69, 68, 69, 68 என்று மாறி மாறி வந்தாலும் ஏழாவது அடி தட்டின் முனையில் கச்சிதமாக முடிகிறது. எந்த அடியிலும் பிசகு அரை டிக்கைத் தாண்டவில்லை. அதே வேகத்தில் ஒரு மில்லி வினாடிக்கும் கீழே. காதுக்குத் தெரியாது. ஒரே எண்கள், ஒரே வகுத்தல். முழு எண்ணாக்கும் வேலையை எங்கே செய்கிறோம் என்பதில்தான் அத்தனை வித்தியாசமும் இருக்கிறது.

எனக்குப் பிடித்த எண் 5,040. ஐந்து நடைக்கும் பொதுவாக வகுபடும் மிகச் சிறிய எண் 1,260. ஒவ்வொரு நடையையும் மூன்று காலத்திலும் பாட வேண்டும் என்றால், அதாவது மிஸ்ரம் 7, 14, 28 என்றும் சங்கீர்ணம் 9, 18, 36 என்றும் போக வேண்டும் என்றால், 1,260-ஐ நான்கால் பெருக்க வேண்டும். 5,040 வந்துவிடுகிறது. மிடி கோப்பில் தட்டுக்கு 32,767 டிக் வரை எழுத இடமிருப்பதால் இது தாராளமாக அடங்கும். இதே எண்ணைப் பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்ற நூலில் தன் கற்பனை நகரத்தின் குடிமக்கள் தொகையாக வைத்தார். ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் என்பதுதான் அவர் சொன்ன காரணமும். தாளச் சொற்களை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோலைக் கேட்டிராத மனிதர்!

சிடியின் மாதிரி வேகமான, அதாவது வினாடிக்கு ஒலியை அளக்கும் எண்ணிக்கையான, 44,100-க்கும் இப்படி ஒரு குணம் உண்டு. அது 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களின் வர்க்கங்களைப் பெருக்கினால் வருவது. நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு தட்டு 44,100 மாதிரி. மிஸ்ரத்தின் ஓர் அடி சரியாக 6,300, சங்கீர்ணத்தின் ஓர் அடி 4,900. சினிமா, வீடியோ வேலைக்கு வழக்கமான 48,000-ல் 7 கிடையாது. இரண்டாவது 3-உம் கிடையாது. யாரும் நம் நடையை நினைத்து 44,100-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. தொடக்க காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில் பதிந்தபோது படத்தின் கோடுகளோடு பொருந்திவந்த எண் அது.

இத்தனையும் வேகம் மாறாத பாட்டுக்கு. வேகம் மாறாத உறுமியை எந்தக் கோயில் முன்னாலும் கேட்க முடியாது. தேவராட்டம் நிதானமாகத் தொடங்கி, ஆட்டக்காரர்களின் கால் பழகப் பழக ஏறிக்கொண்டே போகும். 90-ல் தொடங்கிய மேளம் மூன்று நிமிடத்தில் 160-க்குச் சீராக ஏறியது என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடம் முடியும்போது எத்தனை தட்டு ஆகியிருக்கும்? தொடக்க வேகத்தை வைத்துப் போட்டால் 90. சராசரி வேகமான 125-ஐ வைத்துப் போட்டால் 125. உண்மையில் 101-ஐத் தாண்டி மூன்றில் இரண்டு பங்கு. எட்டுத் தட்டுச் சுற்றில் முதல் விடை பன்னிரண்டாவது சுற்றைக் காட்டும், இரண்டாவது பதினாறாவதை; மேளம் இருப்பதோ பதின்மூன்றாவது சுற்றின் ஆறாவது தட்டில்.

எப்படி ஏறியது என்பதும் முக்கியம். வினாடிக்கு வினாடி ஒரே அளவில் ஏறினால் 375 தட்டு முடிய 180 வினாடி ஆகும். தட்டுக்குத் தட்டு ஒரே அளவில் ஏறினால், அதே 90, அதே 160, அதே 375 தட்டுதான், ஆனால் ஏறத்தாழ 185 வினாடி. ‘சீராக ஏறியது’ என்ற ஒரே வார்த்தைக்கு இரண்டு கணக்கு இருப்பதால் ஐந்து வினாடி வித்தியாசம். இரண்டு மென்பொருள்களுக்கு இடையே ஒரு வேலையை மாற்றும்போது தொடக்க வேகமும் முடிவு வேகமும் சரியாக இருந்தும் தட்டுகள் எல்லாம் நகர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே ஒரே டெம்போ எண் போதாது. டெம்போ வரைபடம் வேண்டும். அதைச் செய்யும் முறை எளிது. பதிவைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு சமத்திலும் ஒரு குறி வைக்க வேண்டும். ஒரு சமம் 12.40 வினாடியில், அடுத்தது 17.20-ல் என்றால் எட்டுத் தட்டுக்கு 4.8 வினாடி, வேகம் 100. அதற்கடுத்தது 21.88-ல் என்றால் 4.68 வினாடி, வேகம் 102.56. இப்படிச் சுற்றுக்குச் சுற்று வேகம் கிடைத்துவிடும். பிறகு எந்த வினாடியைக் கொடுத்தாலும், அது எந்த இரண்டு குறிகளுக்கு நடுவே விழுகிறது என்று பார்த்து, அந்தத் துண்டுக்குள் மட்டும் பழைய சுலபமான கணக்கைப் போட்டால் போதும்.

குறி வைப்பதில்தான் உறுமி தன் வேலையைக் காட்டும். அதன் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள். அடியின் அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், வெறும் கோடாகக் கிடந்தது சட்டென்று செங்குத்தாக எழும். எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு குறிக்கலாம். தேய்ப்பில் அப்படி ஒரு முனை இல்லை. கோடு மெல்லத் தடித்து, வீங்கி, உச்சிக்குப் போய், சுருதி மேலேறியபடி இறங்கும். தட்டு எந்த இடம்? தொடங்கிய இடமா, உச்சியா? மென்பொருளின் தானியங்கித் தேடல் சட்டென எழும் ஒலிகளைத் தேடுவது. தேய்ப்பைக் கோட்டைவிடும், அல்லது உச்சியில் கொண்டுபோய்க் குறி வைக்கும். ஒலி தொடங்கும் கணமும் அது ‘விழுந்தது’ என்று காது உணரும் கணமும் வேறு என்பதை 1976-ல் மார்ட்டன், மார்க்கஸ், பிராங்கிஷ் ஆகிய மூவர் பேச்சொலியில் காட்டினார்கள். எண்களின் பெயர்களைத் தொடக்கங்கள் சம இடைவெளியில் இருக்கும்படி ஒட்டிவைத்தால், கேட்பவருக்கு அவை ஏறுக்குமாறாகக் கேட்கும். உறுமித் தேய்ப்பும் அந்தச் சாதிதான். கூட அடிக்கும் பம்பையையோ தவிலையோ பார்த்துக் குறி வைப்பதே நல்லது.

அங்கேயும் ஒரு சின்னத் திருத்தம். பங்குனி வெயிலில் 35 டிகிரி காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 352 மீட்டர் போகும். உறுமி செல்போனுக்கு அருகிலும் நாகசுரம் பத்து மீட்டர் தள்ளியும் இருந்தால், நாகசுரம் 28 மில்லி வினாடி பிந்தி வந்து சேரும். வாசித்தவர் பிந்தவில்லை, காற்று பிந்தியது.

குறிகள் எல்லாம் வைத்தபிறகு மென்பொருள் ஒரு பொத்தானைக் காட்டும். அதை அழுத்தினால் எல்லா அடிகளையும் இழுத்து, திரையில் தட்டுகளைக் காட்டும் கட்டக்கோடுகளில் அருகிலுள்ளதில் நிறுத்திவிடும். வேகத்தையும் 120 என்று ஒரே மட்டமாக்கிவிடலாம். அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள் என்பதே என் கட்சி. 100-லிருந்து 102.56-க்கு ஏறியது தவறு அல்ல. ஆடுகிற காலைப் பார்த்து அடித்தவர் எடுத்த முடிவு அது. கட்டக்கோடுகளை மேளத்துக்கு ஏற்றபடி வளைத்துவிட்டால், பிறகு சேர்க்கும் கீபோர்டும் பாஸும் அந்த வளைந்த கோட்டின்மேல் தானாக உட்கார்ந்துகொள்ளும். நாம் இதுவரை பார்த்த கணக்கு அதற்குத்தான் இருக்கிறது. மேளத்தைக் கோட்டுக்கு வளைப்பதற்கு இவ்வளவு கணக்கு தேவையே இல்லை.

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் மேளம் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவின் முன்பகுதியை வெட்டாமல் மூலக்கோப்பை அப்படியே வையுங்கள். எத்தனை தட்டுச் சுற்று, என்ன நடை என்பதை எழுதுங்கள். ஒவ்வொரு சமமும் எத்தனையாவது வினாடியில் விழுகிறது என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிசையாகக் குறித்து, ஒலிக்கோப்போடு சேர்த்து வையுங்கள். எந்த மென்பொருள் வந்தாலும் போனாலும் அதைப் படிக்க முடியும். குறித்து முடித்ததும், சமத்துக்குச் சமம் ஒரு சொடுக்கொலி சேர்த்து, அடித்த உறுமிக்காரரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் சரி என்று தலையாட்டிய பிறகு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.